அவன் வெடிச்சா நாமும் வெடிக்கணுமா?

2025 நவம்பர் 2-ஆம் தேதி சிபிஎஸ் தொலைக்காட்சியில் வந்த பேட்டியில் அமெரிக்க அதிபர் டிரம்ப் ஒரு விஷயம் சொன்னார். ரஷ்யா, சீனா, வட கொரியா, பாகிஸ்தான் எல்லாரும் அணுகுண்டு சோதனை நடத்துறாங்க, வெளியே சொல்றதில்லை, அதனால நாங்களும் நடத்தப் போறோம்னு. மற்ற மூணு பேரை நம்ம ஆளுங்க காதுல வாங்கிக்கவே இல்லை. பாகிஸ்தான் என்ற ஒரு பேர் போதுமே.

சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற என் அக்கா பையன்தான் முதல்ல அனுப்பினான். "மாமா, பாத்தீங்களா? திருட்டுத்தனமா வெடிக்கிறானாம். நாமளும் பெருசா ஒண்ணு போட்டுக் காட்டணும். அவனுக்குப் புரியற பாஷை அதுதான்." அவனை மட்டும் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. குடும்ப வாட்ஸ்அப் குழு, கூடப் படிச்சவங்க குழு, விவசாயிகள் குழு, மூணுலயும் இதே பேச்சு, இதே தேசியக் கொடி படம். கடலைக்கு என்ன விலைன்னு கேட்டா பதில் சொல்ல ஆள் இல்லாத குழுவுல, அணுகுண்டுக்கு ஒரே நாள்ல நாற்பது பேர் யோசனை சொல்றாங்க.

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். பாகிஸ்தான் வெடிச்சிருந்தாலும் சரி, வெடிக்காம இருந்தாலும் சரி, இந்தியா இன்னொரு தடவை குண்டு வெடிச்சுப் பார்க்கக் கூடாது. வெடிக்கணும்னு கேட்கிறவங்க பாதுகாப்புன்னு சொல்றாங்க, ஆனா அவங்க பேச்சுல இருக்கிறது ரோஷம். ரோஷத்துக்குப் பண்ற காரியத்தோட செலவு, கைதட்டினவன் வீட்டுக்கு வர்றதில்லை.

சேதியை முதல்ல ஒழுங்கா பார்ப்போம். டிரம்ப் எந்த ஆதாரமும் காட்டலை. அவருடைய எரிசக்தி அமைச்சரே அதே நாள், நாங்க நடத்தப் போற சோதனையில அணு வெடிப்பு கிடையாதுன்னு சொல்லிட்டார். பாகிஸ்தான் தரப்புல, முதல்ல சோதனை நடத்தினது நாங்க இல்லை, திரும்பத் தொடங்குறதுலயும் நாங்க முதல் ஆளா இருக்க மாட்டோம்னு பதில் வந்தது. நம்ம வெளியுறவுத் துறை, ரகசியமா சட்டவிரோதமா அணு வேலை பண்றது பாகிஸ்தானுக்குப் பழைய பழக்கம்தான்னு சொல்லிட்டு நிறுத்திக்கிச்சு. இவ்வளவுதான் நடந்தது. வட கொரியா 2017 செப்டம்பர் 3-ஆம் தேதி வெடிச்சப்ப உலகம் பூரா நிலநடுக்கக் கருவி ஆடிச்சு. அந்த மாதிரி எதையும் இப்ப யாரும் காட்டலை. வரப்புத் தகராறுல கூட சர்வேயர் வந்து சங்கிலி பிடிக்கிற வரைக்கும் பொறுக்கிறோம். இதுல பொறுக்க முடியலை.

சரி, நிஜமாவே வெடிச்சான்னு வெச்சுக்குவோம். வெடிச்ச காலத்துல என்ன நடந்துச்சுன்னு பார்த்தவங்க நாங்க.

1998 மே 11-ஆம் தேதி போக்ரான்ல மூணு குண்டு, 13-ஆம் தேதி ரெண்டு. வாஜ்பாய் பிரதமர். நம்ம ராமேஸ்வரத்து அப்துல் கலாமும், சென்னையில பிறந்த ஆர். சிதம்பரமும் முன்னால நின்னு நடத்தினாங்க. நாடு பூரா பட்டாசு, லட்டு. வெடிச்ச இடத்துல கோயில் கட்டணும்னு கூட பேச்சு வந்தது. அடுத்த பதினைஞ்சாவது நாள், மே 28-ஆம் தேதி, பாகிஸ்தான் பலுசிஸ்தான்ல சாகாய் மலைக்குள்ள வெடிச்சாங்க. அஞ்சு குண்டுன்னாங்க. 30-ஆம் தேதி இன்னொண்ணு. நாம அஞ்சு, அவங்க ஆறு. 1974-ல நாம வெடிச்ச ஒண்ணைச் சேர்த்தா ஆறுக்கு ஆறு, கணக்கு சரியாப் போச்சு. அங்கேயும் பட்டாசு, அங்கேயும் இனிப்பு. சாகாய் மலையை மாதிரி பொம்மை பண்ணி ஊர்ச் சந்தியில நிறுத்தி வெச்சாங்க.

அன்னைக்கு நம்ம பக்கம் இருந்த முகத்தைப் பார்த்திருக்கணும். மே 11 அன்னைக்கு 'நம்ம விஞ்ஞானம்'. மே 28 அன்னைக்கு 'என்ன திமிர் பார்த்தியா'. ரெண்டும் ஒரே குண்டுதான். நாம வெடிச்சா பெருமை, அவன் வெடிச்சா கொழுப்புன்னு நினைக்கிறதுல தப்பு என்னன்னு கேட்பீங்க. பகைவன் கையில ஆயுதம் இருந்தா பயம் வர்றது நியாயம். பயம் வந்தா மனுஷன் யோசிப்பான். ஆனா அன்னைக்கு வந்தது பயம் இல்லை. கிரிக்கெட்ல ஸ்கோர் சமமானா வருமே, அந்த எரிச்சல்.

அவங்க பக்கம் யாருக்குச் செலவு வந்துச்சுன்னும் பாருங்க. இந்தியா குண்டு செஞ்சா, நாங்க புல்லைத் தின்னாவது ஒண்ணு செய்வோம்னு 1965-லயே சொன்னவர் புட்டோ. பெரிய ஜமீன் குடும்பத்து ஆள். அவர் புல் தின்னதா கேள்வி இல்லை. 1998-ல சாகாய் வெடிச்ச அதே நாள் அவங்க அரசாங்கம் அவசரநிலை போட்டு, ஜனங்க வங்கியில வெச்சிருந்த வெளிநாட்டுப் பணக் கணக்கை முடக்கிச்சு. துபாய்ல வெயில்ல நின்னு சம்பாதிச்சு அனுப்பின காசும் அதுக்குள்ளதான். வெடிச்ச மாநிலம் பலுசிஸ்தான், அந்த நாட்டிலேயே ஏழை மாநிலம். நாட்டுக்கு அது வெற்றித் திருநாள், பலூச் மக்கள்ல ஒரு பகுதி அதைக் கறுப்பு நாளாக் கடைப்பிடிக்கிறாங்க.

நம்ம பக்கம்? குண்டு வந்தாச்சு, இனி எவனும் வாலாட்ட மாட்டான்னு சொன்னாங்க. சரியா ஒரு வருஷத்துல கார்கில். 527 வீரர்கள் போனாங்க. நம்ம திருச்சி மேஜர் மாரியப்பன் சரவணன் பட்டாலிக் மலையில உயிர் விட்டது 1999 மே 29. சாகாய் வெடிச்சு ஒரு வருஷம், ஒரு நாள். குண்டு வெடிச்ச ராஜஸ்தான்ல அதே 1998 நவம்பர்ல சட்டசபைத் தேர்தல் வந்தது. வாஜ்பாய் கட்சி தோத்தது, டெல்லியிலயும் தோத்தது. அந்த வருஷம் வெங்காய விலை ஏறின ஏற்றம்தான் பெரிய காரணம்னு எல்லாப் பத்திரிகையும் எழுதிச்சு. மே மாசம் லட்டு சாப்பிட்டவங்களுக்கு அக்டோபர்ல வெங்காயம் வாங்க முடியலை. விவசாயிங்கிறதால எனக்கு இது மறக்காது.

இதுக்கு என் அக்கா பையன் ஒரு பதில் வெச்சிருக்கான். "மாமா, ரெண்டு பேர்கிட்டயும் குண்டு இருந்ததாலதான் கார்கில் பெரிய போரா மாறலை." இருக்கலாம். நான் மறுக்கலை. கையில இருக்கிறதை நாளைக்கே கடல்ல கொட்டுன்னும் நான் சொல்லலை. ஆனா அந்தக் கணக்குப்படியே பார்த்தாலும், பயமுறுத்த இருக்கிறதே போதும். ஸ்வீடன்ல இருக்கிற சிப்ரி ஆய்வு நிறுவனத்தோட 2025-ஆம் வருஷக் கணக்கு: இந்தியாகிட்ட சுமார் 180, பாகிஸ்தான்கிட்ட சுமார் 170. ஹிரோஷிமாவுல போட்டது ஒண்ணு. அந்த வருஷம் முடியறதுக்குள்ள செத்தவங்க சுமார் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பேர். நூற்றியெண்பதுக்குப் பயப்படாதவன், இன்னொண்ணு வெடிச்சுக் காட்டினா பயந்துடுவானா?

படிச்சவங்க இன்னொரு நியாயம் சொல்வாங்க. 1998-ல வெடிச்ச ஹைட்ரஜன் குண்டு சரியா வேலை செய்யலைன்னு அந்தச் சோதனையில முக்கியப் பொறுப்புல இருந்த கே. சந்தானம் 2009-ல வெளிப்படையா சொன்னார். கலாமும் சிதம்பரமும் இல்லை, வெற்றிதான்னாங்க. அதனால திரும்பச் சோதிச்சுப் பார்த்துடணும்னு ஒரு கூட்டம் கேட்குது. இதுக்குப் பதில் சொல்லியாகணும், ஏன்னா இது வெறும் ரோஷப் பேச்சு இல்லை.

நாம இதுவரைக்கும் வெடிச்சது ஆறு. சீனா வெடிச்சது 45. 1996-க்கு அப்புறம் சீனா வெடிக்கலை. நாம ஒண்ணு வெடிச்சா, பாகிஸ்தான் மறுவாரமே வெடிப்பான், சீனாவுக்கும் கதவு திறந்துடும். பணமும் கருவியும் அதிகமா வெச்சிருக்கிறவன்தான் ஒவ்வொரு சோதனையிலயும் அதிகமாக் கத்துக்குவான். அதாவது பெரிய பகையாளிக்கு நாமே வழி விட்டுக் கொடுக்கிறோம். இன்னொண்ணு, 2008-ல அணு எரிபொருள் விக்கிற நாடுகள் எல்லாம் கூடி நமக்கு விலக்கு கொடுத்தாங்களே, அதுக்கு முந்தின நாள் பிரணாப் முகர்ஜி அறிக்கை விட்டார், நாங்களா ஏத்துக்கிட்ட சோதனைத் தடை தொடரும்னு. அந்த வார்த்தையை நம்பித்தான் யுரேனியம் வந்துக்கிட்டு இருக்கு. கல்யாணத்துக்கு வாங்கின கடனுக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்துட்டு, பத்திரத்தைக் கிழிச்சா என்ன ஆகும்? அதுதான் ஆகும்.

இது டெல்லிக் கணக்கு. என் ஊர்க் கணக்கு வேற.

எங்க வானூர் தாலுகாவுல திருவக்கரைன்னு ஒரு ஊர். மரம் கல்லா மாறின பூங்கா இருக்கிறதால நீங்க வந்திருப்பீங்க. அந்தச் சுத்து வட்டாரம் பூரா கல் குவாரி. பாறைக்கு வெடி வைக்கிறப்ப என்ன ஆகும்னு அங்கே இருக்கிறவங்களைக் கேளுங்க. சத்தம் ஒரு நொடிதான். சுவர்ல விரிசல் இருபது வருஷம் நிக்கும். போய்க் கேட்டா, எல்லாம் அளவோடதான் வைக்கிறோம்னு தாள் காட்டுவாங்க. அந்தக் கல்லுல கட்டின வீட்டுல இருக்கிறவனுக்கு வெடிச் சத்தம் கேட்காது. அதனால அவன் மேல எனக்குக் கோபம் இல்லை. ஆனா இன்னும் பெருசா வெடி வைன்னு அவன் கேட்கக் கூடாது.

போக்ரான் பக்கத்துல கேத்தோலாய்னு ஒரு கிராமம். வெடிக்கிற அன்னைக்கு ராணுவத்துக்காரங்க வந்து வீட்டை விட்டு வெளியே இருங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க. பூமி ஆடிச்சு. வீடு விரிஞ்சது, தண்ணித் தொட்டி விரிஞ்சதுன்னு அந்த ஜனங்க சொன்னாங்க. ஆடு மாடுகளுக்கு நோய், மனுஷங்களுக்குப் புற்றுநோய் அதிகமாயிடுச்சுன்னு இன்னைக்கும் சொல்றாங்க. கதிர்வீச்சு எதுவும் வெளியே வரலைன்னு அதிகாரிங்க சொல்றாங்க. எது சரின்னு தீர்க்க நான் ஆள் இல்லை. நாடு லட்டு சாப்பிட்ட நாள்ல சுவரைத் தடவிப் பார்த்தவங்க யாருன்னு மட்டும் எனக்குத் தெரியுது. சாகாய் மலை அடிவாரத்துலயும் அப்படி ஒரு ஊர் இருந்திருக்கும்.

2025 மே மாசத்தையே எடுத்துக்குங்க. பஹல்காம்ல 26 பேரைக் கொன்னாங்க. மே 7-ஆம் தேதி நம்ம படை பதிலடி கொடுத்தது. பத்தாம் தேதி சண்டை நின்னது. அந்த நாலு நாள்ல டிவியில கராச்சியையே பிடிச்சுட்டாங்க. எங்க தெருவுப் பையன் ஒருத்தன் எல்லைப் பாதுகாப்புப் படையில ஜம்மு பக்கம் இருக்கான். அவங்க அம்மா போனைக் கையை விட்டு இறக்கலை. "அண்ணே, டிவியில சொல்றது நெசமா?"ன்னு என்னைத்தான் கேட்டாங்க. என்ன சொல்றது? டிவியை அணைச்சுடும்மான்னேன். அதே 7-ஆம் தேதி கல்பாக்கத்துல போர் ஒத்திகை நடந்தது. நேரா அளந்தா எங்க ஊர்ல இருந்து எழுபது, எண்பது கிலோமீட்டர். சென்னையில இருக்கிற உங்களுக்கும் கிட்டத்தட்ட அதே தூரம்தான். எல்லைன்னா எங்கேயோ காஷ்மீர்ல இருக்குன்னு நினைக்காதீங்க.

குண்டு எல்லையிலயே விழுந்தாலும் நாம தப்ப மாட்டோம். 2022-ல நேச்சர் ஃபுட் என்ற அறிவியல் இதழ்ல ஒரு ஆய்வு வந்தது. இந்தியாவும் பாகிஸ்தானும் அணுகுண்டு போட்டுக்கிட்டா, நகரங்கள் எரியற கரிப்புகை மழை மேகத்துக்கும் மேல போய் வருஷக்கணக்கா நிக்கும். வெயில் மங்கும், குளிரும், மழை குறையும். நெல், கோதுமை, மக்காச்சோளம், சோயா எல்லாம் உலகம் பூரா படுத்துக்கும். நேரடியா குண்டுல சாகிறது போக, பட்டினியில 200 கோடிப் பேருக்கு மேல சாகலாம்னு கணக்குப் போட்டிருக்காங்க.

படிக்கிறவங்களுக்கு அது ஒரு எண். எனக்கு அது புரியற விதம் வேற. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரை ஏறிச்சு. பக்கத்து மயிலத்துல ஒரே நாள்ல 51 சென்டிமீட்டர் மழை. விழுப்புரம் மாவட்டத்துல நெல்லும் கரும்பும் தண்ணிக்குள்ள. ஒரு நாள் மழை கூடினதுக்கே ஒரு வருஷம் தலை நிமிர முடியலை. நீங்க வேர்க்கடலைன்னு சொல்றதை நாங்க மல்லாட்டைன்னு சொல்வோம். மார்கழிப் பட்டத்துல விதைச்சா, பூ விட்டு விழுது இறங்குறப்ப வெயில் வேணும், மண்ணுல சூடு வேணும். பத்து நாள் மூடாக்குப் போட்டாலே காய் பொக்காகிடும். பத்து வருஷம் மூடாக்குன்னா, விவசாயம்னு ஒண்ணே கிடையாது. ராணுவத்துக்கு மாற்று ஏற்பாடு இருக்கலாம், வெயிலுக்கு இல்லை.

இதெல்லாம் கோழைப் பேச்சுன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு. அடுத்தவன் குண்டு வெடிச்சா என்ன பண்ணணும்னு இந்த நாட்டுக்கு ஒரு பழக்கம் இருந்தது. 1954 மார்ச்ல அமெரிக்கா பசிபிக் கடல்ல பெரிய ஹைட்ரஜன் குண்டு வெடிச்சு, ஜப்பான் மீனவப் படகு மேல சாம்பல் விழுந்தது. அடுத்த மாசமே நேரு பார்லிமென்ட்ல எழுந்து, எல்லாரும் சோதனையை நிறுத்தணும்னு கேட்டார். 1962-ல நம்ம ராஜாஜி 83 வயசுல அமெரிக்கா போனார். கென்னடியை நேர்ல பார்த்து, சோதனையை நிறுத்துங்கன்னு சொன்னார். அப்ப அவர் நேருவை எதிர்த்துத் தனிக்கட்சி நடத்திக்கிட்டு இருந்தார். இந்த ஒரு விஷயத்துல ரெண்டு பேருக்கும் ஒரே பேச்சு. அவங்க ரெண்டு பேரையும் கோழைன்னு சொல்லிப் பாருங்க.

1964 அக்டோபர் 16-ல சீனா முதல் குண்டு வெடிச்சது. நாம சீனாகிட்ட அடி வாங்கி ரெண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. நாமும் செய்யணும்னு அப்பவும் பெரிய கூச்சல். பிரதமர் சாஸ்திரி, காங்கிரஸ் தலைவர் நம்ம காமராஜர். கூச்சலுக்குப் பயந்து உடனே குண்டு வெடிக்கக் கிளம்பலை. அடுத்த ரெண்டு வருஷம் வறட்சி. அமெரிக்கக் கப்பல் கோதுமை கொண்டு வந்தாத்தான் சோறுங்கிற நிலைமை. உணவு அமைச்சரா இருந்த சி. சுப்பிரமணியம் 1966-ல மெக்சிகோவுல இருந்து 18,000 டன் கோதுமை விதை இறக்கினார். அடுத்த சில வருஷத்துல கப்பலை எதிர்பார்க்கிறது நின்னது. ரசாயன உரத்தைப் பத்தி எனக்கு ஆயிரம் விமர்சனம் உண்டு, அது இன்னொரு நாளைக்கு. ஆனா அந்த விதை வரலைன்னா, கையில எத்தனை குண்டு இருந்தாலும் நாம கையேந்தித்தான் நின்னிருப்போம்.

இப்பவும் புத்தியோட நடக்கிற காரியம் உண்டு. டிவியில வராது. ரெண்டு நாடும் 1992-ல இருந்து வருஷா வருஷம் ஜனவரி 1-ஆம் தேதி தங்கள் அணு நிலையங்களோட பட்டியலை ஒருத்தருக்கொருத்தர் கொடுத்துக்கிறாங்க, அதைத் தாக்க மாட்டோம்னு ஒப்பந்தம். கார்கிலுக்குப் பிறகும் இது நிக்கலை. 2025 ஆகஸ்ட்ல, சண்டை நின்னு மூணு மாசம்தான். சிந்து நதி ஒப்பந்தத்தையே நிறுத்தி வெச்சிருந்த நேரம். தாவி ஆத்துல வெள்ளம் வருதுன்னு நம்ம தூதரகம் பாகிஸ்தானுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை கொடுத்தது. மனிதாபிமான அடிப்படையிலன்னு சொன்னாங்க. அந்த வெள்ளத்துல இந்தப் பக்கப் பஞ்சாப்ல நெல் போச்சு, அந்தப் பக்கப் பஞ்சாப்லயும் நெல் போச்சு. அந்த எச்சரிக்கையைக் கொடுத்த அதிகாரி யாருன்னு தெரியாது. அவரைத்தான் நான் தேசபக்தர்னு சொல்வேன்.

அதனால நகரத்துல இருக்கிற என் தம்பி தங்கைங்களுக்குச் சொல்றது இதுதான். அடுத்த தடவை இப்படி ஒரு சேதி வந்தா, கொடி படம் போடுறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. ஆதாரம் என்ன? நாம வெடிச்சா அவன் கை இறங்குமா, ஏறுமா? வெடிக்கிற இடத்துக்குப் பக்கத்துல இருக்கிறது யார் வீடு? அரசாங்கத்துகிட்டயும் கேளுங்க, 1998-ல கொடுத்த வார்த்தை, இனி சோதனை இல்லைங்கிறது, இன்னும் நிக்குதான்னு. நிக்குதுன்னு பிரதமர் ஒரு வரி சொன்னா நாட்டுக்கு ஒண்ணும் குறைஞ்சு போகாது.

அக்கா பையனுக்கு இதையெல்லாம் போன்ல சொன்னேன். "மாமா, நீங்க ஊர்லயே இருக்கிறதால இப்படிப் பேசறீங்க"ன்னான். ஆமாப்பா, அதனாலதான்னேன். வானூர்ல எங்களுக்கு ஓடிப் போக வேற இடம் கிடையாது.